இத்தாலியில இருந்து நேரா வீட்டுக்கு வரவழைச்ச சீஸும் வினிகரும்: பொருளுக்கு முழு மார்க், வந்த வழிக்கு பாதி மார்க்

படிக்க நேரம் இல்லாதவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். சீஸ் அட்டகாசம், வினிகர் அதுக்கும் மேல, பேக்கிங் நல்லா இருந்துச்சு, ஆனா கூரியர்காரங்களும் கஸ்டம்ஸும் சேந்து பண்ண கூத்துல பாதி சந்தோஷம் போயிடுச்சு. திரும்ப வாங்குவேனா? வாங்குவேன், ஆனா எதை வாங்கணும் எதை தொடவே கூடாதுன்னு இப்ப தெளிவா இருக்கேன், அதை சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

வாங்குனது பார்மிஜானோ ரெஜ்ஜானோங்கற கெட்டி சீஸ். ரெஜ்ஜியோ எமிலியா பக்கத்து மலையில இருக்கிற ஒரு சின்ன கூட்டுறவு சீஸ் பண்ணை, அவங்களே வெப்சைட் வெச்சு உலகம் பூரா அனுப்பறாங்க. பேர் போடல. இந்த சீஸ் பண்ற பண்ணை மட்டும் மொத்தம் சுமார் 300 இருக்கு, நான் சொல்ற குறை நிறை ரெண்டும் பெரும்பாலும் இந்த மாதிரி வாங்குற முறைக்குத்தான், ஒரு பண்ணையை தூக்கி வெக்கவோ போட்டு அடிக்கவோ இல்ல.

சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்குதே, எதுக்கு கடல் தாண்டி வாங்கணும்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. ஐரோப்பாவுக்குள்ள பார்மிஜானோ ரெஜ்ஜானோங்கற பேரை பார்மா, ரெஜ்ஜியோ எமிலியா, மொடேனா இந்த மூணு மாவட்டமும், போலோன்யாவுல ரேனோ ஆத்துக்கு மேற்கு பக்கமும், மாந்தோவாவுல போ ஆத்துக்கு தெற்கு பக்கமும் பண்ற சீஸுக்கு மட்டும்தான் வெக்கலாம். 'பார்மெசான்'ங்கற பேரைக்கூட மத்தவங்க வெக்கக்கூடாதுங்கற அளவுக்கு 2008ல ஐரோப்பிய நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னுச்சு. ஆனா ஐரோப்பாவுக்கு வெளியே, அமெரிக்கா மாதிரி நாடுகள்ல, பார்மெசான்னு போட்டு வேற ஊர்க்காரங்களும் அவங்க சீஸை விக்கலாம், துருவி டப்பாவுல அடைச்சு வர்றது பாதி அந்த வகைதான். சரி, ஒரிஜினலே கிடைச்சாலும் கடையில இருக்கிற துண்டுல எந்த பண்ணை, எந்த மாசம் பண்ணது, எப்ப வெட்டி பேக் பண்ணாங்கன்னு பெரும்பாலும் தெரியாது. நேரா வாங்குனா அந்த மூணும் தெரியும். நான் காசு குடுத்தது முக்கியமா அதுக்குத்தான்.

வெப்சைட் பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. இத்தாலியன்ல இருந்து மெஷின் மொழிபெயர்ப்பு போட்ட இங்கிலீஷ், சில இடத்துல சிரிப்பு வரும், ஆனா பேமென்ட் ஒழுங்கா போச்சு. நல்ல விஷயம் என்னன்னா ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மாசம் முதிர வெச்சதுன்னு தெளிவா பிரிச்சு வெச்சிருக்காங்க, 12, 18, 24, 30, 36, அதுக்கும் மேல. புதுசா வாங்கறவங்க எல்லாரும் நேரா 36க்கு போவாங்க, வயசு கூடுனா ருசி கூடும்னு நெனப்பு. அப்படி இல்லங்க. 12 மாசத்துல பால் வாசனையும் லேசான புளிப்பும் இருக்கும், கத்தியில சீவினா சீவும். 24ல தான் அந்த மொறுமொறு மணி மாதிரி பல்லுல கடிபடற வெள்ளை புள்ளி நல்லா வரும், அது உப்பு இல்ல, டைரோசின்னு ஒரு அமினோ அமிலம், புரதம் உடைஞ்சு உடைஞ்சு படிகமா நிக்குது. 36க்கு மேல போனா காய்ஞ்சு, ஜாதிக்காய் வாசனை, சூப் வாசனை எல்லாம் வந்து நாக்கை கொஞ்சம் கடிக்கும், அதை பாஸ்தா மேல துருவி போடறது வேஸ்ட்டு, சும்மா துண்டா உடைச்சு திங்கணும். நான் 24ல ஒரு கிலோ, 36ல அரை கிலோ போட்டேன். எனக்கு 24 தான் பிடிச்சுது, வீட்ல இருந்த மத்தவங்க ஓட்டு 36க்கு.

இன்னொரு பிரிவு 'வாக்கா ரோஸ்ஸா', செவப்பு மாட்டு பால்ல பண்ணது. ரெஜ்ஜானாங்கற அந்த பழைய நாட்டு மாட்டினம் 1980கள்ல கிட்டத்தட்ட அழியற நிலைக்கு போய், சில விவசாயிங்க பிடிவாதமா காப்பாத்தி திரும்ப கொண்டு வந்தது. பால் கம்மியா குடுக்கும், ஆனா சீஸ் பண்ண ரொம்ப நல்ல பால். அந்த சீஸை 24 மாசத்துக்கு முன்னாடி விக்கவே மாட்டாங்க. விலை நல்லா ஏறும். நான் வாங்கல, அடுத்த தடவைக்கு வெச்சிருக்கேன்.

விலையை பாத்து நெஞ்சை பிடிக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். ஒரு சீஸ் சக்கரம் சராசரி 40 கிலோ, அதுக்கு பால் 550 லிட்டர் கிட்ட வேணும், அதாவது ஒரு கிலோவுக்கு கிட்டத்தட்ட 14 லிட்டர். சாயங்கால பாலை ராத்திரி முழுக்க விட்டு மேல வர்ற ஆடையை எடுத்துட்டு, காலையில கறந்த முழு பாலோட கலந்து, செம்பு அண்டாவுல ஊத்தி, முந்தின நாள் மோர்த்தண்ணியையும் பாலை திரிய வெக்கற ரென்னெட்டையும் விட்டு, திரிஞ்சதும் அரிசி அளவுக்கு உடைச்சு, 55 டிகிரி வரைக்கும் சூடு பண்ணி, அடியில படிஞ்சதை துணியில தூக்கி ரெண்டா வெட்டுனா ஒரு அண்டாவுக்கு ரெண்டு சக்கரம். அப்புறம் மூணு வாரம் கிட்ட உப்பு தண்ணியில குளியல், அதுக்கப்புறம் மர பலகையில குறைஞ்சது 12 மாசம் தூக்கம். பாலைக் காய்ச்சறது கிடையாது, பச்சை பால்தான், மாட்டுக்கு புளிக்க வெச்ச தீவனம் (சைலேஜ்) போடக்கூடாது, பால் உப்பு ரென்னெட் தவிர வேற ஒண்ணும் சேக்கக்கூடாது. இவ்வளவும் எழுதி வெச்ச விதி, பண்ணைக்காரங்க விருப்பம் இல்ல. மாடு லீவு எடுக்காது, அதனால பண்ணையும் வருஷத்துல எல்லா நாளும் ஓடும்.

12 மாசம் ஆனதும் இந்த சீஸ் பண்றவங்களோட கூட்டமைப்பு ஆளுங்க வந்து ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு சின்ன சுத்தியலால தட்டி சத்தத்தை கேப்பாங்க, உள்ள ஓட்டை விரிசல் இருந்தா சத்தம் மாறும். பாஸானா தோல்ல சூட்டு முத்திரை. சுமாரா இருந்தா தோல்ல கோடு கோடா கீறி விட்டுடுவாங்க, அதுக்கு மெட்ஸானோன்னு பேரு. சுத்தமா தேறலன்னா தோல்ல இருக்கிற புள்ளி எழுத்து எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடுவாங்க, அப்புறம் அது பேர் இல்லாத சீஸ். இதை ஏன் சொல்றேன்னா, துண்டு உங்க கைக்கு வந்ததும் முதல்ல தோலைத்தான் பாக்கணும். பார்மிஜானோ ரெஜ்ஜானோன்னு புள்ளி புள்ளியா எழுத்து ஓடும், துண்டு பெருசா இருந்தா பண்ணை நம்பரும் பண்ண மாசம் வருஷமும் சிக்கும், அந்த நம்பரை கூட்டமைப்போட சைட்ல போட்டா எந்த பண்ணைன்னு வந்துடும். எனக்கு வந்த 24 மாச துண்டுல நம்பர் முழுசா இருந்துச்சு, போட்டு பாத்தேன், நான் ஆர்டர் குடுத்த பண்ணையேதான். 36 மாச துண்டுல பாதி எழுத்துதான், சக்கரத்தை எந்த இடத்துல வெட்டுனாங்களோ அதை பொறுத்தது, அதுக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

சைவம் சாப்பிடறவங்க இந்த பத்தியை கண்டிப்பா படிங்க. ரென்னெட்னு மேல சொன்னேனே, அது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது. இந்த சீஸுக்கு அதைத்தான் போடணும்னு விதியே இருக்கு, வேற எதுவும் போட முடியாது. அதனால 'சைவ பார்மிஜானோ ரெஜ்ஜானோ'ன்னு யாராவது வித்தா அது அந்த சீஸ் இல்ல. இன்னொரு இத்தாலி சீஸான கிரானா பதானோவும் அதே கதைதான், அதுல கூடவே முட்டையில இருந்து எடுக்கற லைசோசைமும் சேக்கலாம்னு அனுமதி. பெக்கோரினோ ரொமானோங்கற செம்மறி ஆட்டுப்பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டி ரென்னெட். போர்ச்சுகல் ஸ்பெயின் பக்கம் காட்டு ஆர்டிசோக் மாதிரி ஒரு முள்ளுச்செடி பூவை ஊறவெச்சு பால் திரிக்கற சீஸ் சிலது இருக்கு, அசெய்தாவ் மாதிரி, அது சைவக்காரங்களுக்கு ஓகே, ஆனா கொழகொழன்னு இருக்கும், கூரியர்ல வர்றதுக்குள்ள என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. மாறா, பால் ஒத்துக்காதவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, பார்மிஜானோவுல லாக்டோஸ் இருக்காது, பண்ண முதல் ரெண்டு நாள்லயே பாக்டீரியா அதை தின்னு தீத்துடும். பால் புரதம் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது பொருந்தாது, அது வேற விஷயம், குழப்பிக்காதீங்க.

சரி, இப்ப டெலிவரி. இங்கதான் கதையே.

செக்அவுட்ல ரெண்டு ஆப்ஷன் இருந்துச்சு, சாதாரண போஸ்ட், எக்ஸ்பிரஸ் கூரியர். சாப்பாட்டு பொருளுக்கு சாதாரண போஸ்ட் போடாதீங்க, அது எங்க போய் எத்தனை நாள் உக்காரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். எக்ஸ்பிரஸ் போட்டேன். ஷிப்பிங் தொகையை பாத்ததும் ஒன்றரை கிலோ சீஸுக்கு இவ்வளவான்னு தோணுச்சு, அப்புறம் தான் புரிஞ்சுது, கூரியர்காரங்க எடையை மட்டும் பாக்க மாட்டாங்க, பெட்டியோட நீளம் அகலம் உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ல வகுப்பாங்க, அந்த நம்பரும் நிஜ எடையும் எது பெருசோ அதுக்கு காசு. தெர்மாகோல் வெச்சு 30க்கு 30க்கு 30 பெட்டின்னா 5.4 கிலோ ஆச்சு, உள்ள ரெண்டு கிலோ இருந்தாலும் அஞ்சு கிலோ இருந்தாலும் ஒரே ரேட்டு. அதனால தனியா ஒரு கிலோ வாங்கறது தான் இருக்கறதுலயே நஷ்டமான வழி. நாலு பேர் சேந்து ஒரே பெட்டியில வாங்கி பிரிச்சுக்கோங்க, ஷிப்பிங் தலைக்கு கால்வாசி ஆயிடும், சீஸ் விலைக்கு பக்கத்துல தெரியாத அளவுக்கு இறங்கும். ஆனா ரொம்ப பெருசா போட்டா சொந்த உபயோகம்னு கஸ்டம்ஸ் நம்பாது, வியாபாரம்னு நெனச்சு லைசென்ஸ் கேப்பாங்க, அந்த அளவு எவ்வளவுன்னு நாட்டுக்கு நாடு மாறும்.

வரி பத்தி. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே இருக்கறவங்க இத்தாலி வாட் கட்ட வேண்டியது இல்ல, செக்அவுட்ல கழிச்சிட்டாங்களான்னு பாருங்க, கழிச்சாலும் பெரிய லாபம் இல்ல, அங்க சீஸுக்கு வாட் வெறும் 4 சதவீதம்தான். பெரிய அடி நம்ம பக்கத்துல தான் விழும். நிறைய நாடுகள்ல இறக்குமதி வரி பொருள் விலைக்கு மட்டும் போடறதில்ல, பொருள் கூட ஷிப்பிங் கூட இன்சூரன்ஸ் மூணையும் கூட்டி அதுக்கு மேல போடறாங்க. அப்ப காஸ்ட்லி ஷிப்பிங் குடுத்தா அந்த ஷிப்பிங்குக்கும் சேத்து வரி. அதுக்கு மேல, உங்களுக்காக நாங்க முன்னாடியே வரி கட்டிட்டோம்னு கூரியர்காரங்க ஒரு கட்டணம் போடுவாங்க பாருங்க, அது எனக்கு வரியை விட அதிகமா எரிஞ்சுது. இதுல இருந்து தப்பிக்க ஒரே வழி, விக்கறவங்க 'டிடிபி'ன்னு போட்டிருக்காங்களான்னு பாக்கறது, அதாவது வரி எல்லாம் அவங்களே கட்டி வீட்டு வாசல்ல குடுக்கற மாதிரி. 'டிஏபி'ன்னு போட்டிருந்தா வாசல் வரைக்கும் வரும், வரி உங்க தலையில. இந்த பண்ணை டிஏபி. சைட்ல எங்கயோ அடியில சின்னதா போட்டிருந்துச்சு, அதை செக்அவுட் பக்கத்துலயே பெருசா போட்டா என்ன கொறஞ்சிடும்? இதுக்கு ஒரு மார்க் கட்.

ஆனா நெஜமான கடுப்பு அதுவும் இல்ல. பார்சல் இத்தாலியில இருந்து சட்டுனு கிளம்பி, சட்டுனு பறந்து, நம்ம நாட்டு ஏர்போர்ட்டுக்கும் வந்துடுச்சு. அங்க நின்னுடுச்சு. ட்ராக்கிங்ல 'கிளியரன்ஸ் தாமதம்'ங்கற ஒரே வரி, போன் பண்ணா ஒருத்தர் டாக்குமென்ட் வேணும்ங்கறாரு, எந்த டாக்குமென்ட்னு கேட்டா மெயில் வரும்ங்கறாரு, மெயில் வரல, மறுபடி போன் பண்ணா வேற ஒருத்தர் எடுத்து முதல்ல இருந்து கதை கேக்கறாரு. கடைசியில தெரிஞ்சது என்னன்னா, பெட்டி மேல ஒட்டுன இன்வாய்ஸ்ல பண்ணைக்காரங்க பொருள் பேரை மொட்டையா 'உணவு'ன்னு எழுதியிருக்காங்க, அவ்வளவுதான். என்ன உணவு, எந்த பாலு, எத்தனை கிலோ, டாரிஃப் கோடு (கஸ்டம்ஸ்ல பொருள் வகைக்கு குடுக்கற நம்பர்) என்ன, ஒண்ணும் இல்ல. கஸ்டம்ஸ் நிறுத்தாம என்ன பண்ணும். பண்ணைக்கு மெயில் போட்டேன், பாராட்டணும், அன்னிக்கே முழு விவரத்தோட புது இன்வாய்ஸ் அனுப்பினாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. அதை கூரியர்காரங்களுக்கு அனுப்பி, அவங்க அதை படிச்சு, கஸ்டம்ஸுக்கு குடுத்துன்னு அதுக்கு சில நாள். அது வரைக்கும் பெட்டி ஏதோ ஒரு கிடங்குல, ஏசி இருந்துச்சா இல்லையான்னு யாரும் சொல்லல.

நீங்க ஆர்டர் போடும்போது கமென்ட் பாக்ஸ்ல இதை எழுதி விட்டுடுங்க: இன்வாய்ஸ்ல பொருள் பேர், மாட்டுப்பால் கெட்டி சீஸ்னு, நிகர எடை, எந்த நாட்டு தயாரிப்பு, விலை, 0406ன்னு ஆரம்பிக்கற கோடு, எல்லாம் போடுங்கன்னு. சீஸுக்கு முதல் நாலு இலக்கம் உலகம் பூரா 0406 தான், வினிகருக்கு 2209. இந்த ஒரு வரி எழுதறதுக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

அதுக்கும் முன்னாடி, உங்க நாட்டுக்குள்ள பால் பொருள் பார்சல்ல வரலாமான்னே பாத்துக்கோங்க. பால், இறைச்சி ரெண்டும் கால்நடை நோய் பயத்துனால பல நாடுகள்ல கெடுபிடி. இத்தனை சீஸ் விக்கற ஐரோப்பிய யூனியனே வெளிநாட்டுல இருந்து தனி ஆளுக்கு பால் பொருளோ இறைச்சியோ பார்சல்ல வர விடாது, ஒருசில பக்கத்து நாடுகளுக்கு மட்டும் விலக்கு. பச்சை பால் சீஸுக்கு தனி விதி வெச்சிருக்கற நாடும் இருக்கு. அந்த பண்ணை சைட்ல உங்க நாடு டெலிவரி லிஸ்ட்ல இருந்தா மட்டும் போதும்னு நெனைக்காதீங்க, அந்த லிஸ்ட் கூரியர் போற நாடு லிஸ்ட், கஸ்டம்ஸ் விடற நாடு லிஸ்ட் இல்ல.

பெட்டி கடைசியா வந்துச்சு. வெளியே அட்டை ஒரு மூலை நசுங்கி, திறந்து பாத்து திரும்ப ஒட்டுன டேப்போட. உள்ள தெர்மாகோல் நல்லா கெட்டியா இருந்துச்சு, ஐஸ் ஜெல் பேக் எல்லாம் தண்ணியா ஆகி, சுத்தமா சூடு. மனசு திக்குனு இருந்துச்சு, ஆனா வேக்குவம் பேக் ஒண்ணுகூட காத்து வாங்கல. 36 மாச துண்டு அப்படியே இருக்கு. 24 மாச துண்டு கொஞ்சம் வேர்த்திருந்துச்சு, கொழுப்பு லேசா வெளிய வந்து பிளாஸ்டிக்கோட உள்பக்கம் மினுமினுன்னு. பயப்பட ஒண்ணும் இல்ல, இதுல ஈரம் 30 சதவீதம் கிட்டதான், உப்பும் இருக்கு, சில நாள் சூட்டுல கெட்டுப்போற சீஸ் இல்ல இது. துடைச்சு, ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள் வெச்சு, அப்புறம் வெளிய எடுத்து ரூம் சூட்டுக்கு வந்ததும் உடைச்சு வாயில போட்டேன். அதுவரைக்கும் கூரியர்காரங்க மேல இருந்த கோவம் கொஞ்சம் கொறைஞ்சுது, ஏன்னா ருசி அப்படி. கடையில வாங்கற துண்டுல உப்பு தான் முதல்ல தெரியும், இதுல முதல்ல வெண்ணெய், அப்புறம் வறுத்த கொட்டை, அப்புறம் அன்னாசி மாதிரி ஏதோ ஒரு பழம், உப்பு கடைசியில தான் வருது. வெட்டி பல மாசம் பிளாஸ்டிக்ல கிடந்த துண்டுக்கும், ஆர்டர் வந்தப்புறம் சக்கரத்துல இருந்து உடைச்ச துண்டுக்கும் உள்ள வித்தியாசம்னு தான் நெனைக்கறேன்.

கத்தியில வெட்டாதீங்க, குட்டையா ஒரு முனை வெச்ச கத்தி இருக்கும், குத்தி நெம்புனா தானா உடையும், அந்த கரடு முரடு மேல்பரப்புல தான் ருசி. தோலை தூக்கி போடாதீங்க, மெழுகு இல்ல அது, காய்ஞ்ச சீஸ்தான், சுரண்டி கழுவிட்டு சூப்புல போட்டு கொதிக்க விட்டா அடுப்படியே மணக்கும்.

வினிகர் கதை சுருக்கமா. பக்கத்து மாவட்டமான மொடேனாவோட 'அச்செதோ பால்சாமிகோ ட்ரதிஸியோனாலே', அதாவது பாரம்பரிய பால்சாமிக் வினிகர், 100 மில்லி பாட்டில் ஒண்ணு அதே பண்ணை சைட்ல இருந்துச்சு, சேத்து போட்டேன். அந்த பாட்டில் டிசைன் ஜார்ஜெத்தோ ஜுஜாரோ பண்ணது, முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரை டிசைன் பண்ணவரு. யார் தயாரிச்சாலும் அந்த ஒரே பாட்டில்ல தான் வரணும், தயாரிச்சவங்க கையால ஊத்தக்கூட முடியாது, ருசி பாக்கற குழு பாஸ் பண்ணி, அங்கயே ஊத்தி சீல் வெப்பாங்க. திராட்சை சாறை காய்ச்சி, பெருசுல இருந்து சிறுசா வரிசையா நிக்கற மர பீப்பாய்ல, ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிபர்னு வேற வேற மரம், வருஷா வருஷம் சின்ன பீப்பாயில இருந்து கொஞ்சம் எடுத்து, குறைஞ்சதை அடுத்த பெரிய பீப்பாயில இருந்து நிரப்பி, குறைஞ்சது 12 வருஷம். 'எக்ஸ்ட்ராவெக்கியோ'ன்னு போட்டிருந்தா 25 வருஷம். நான் வாங்குனது 12.

சூப்பர்மார்க்கெட்ல கிடைக்கற 'பால்சாமிக் வினிகர் ஆஃப் மொடேனா ஐஜிபி' (ஐஜிபிங்கறது ஊர் பேரை காக்கற ஐரோப்பிய முத்திரை) முழுக்க வேற சாமான். அதுல ஒயின் வினிகரும் திராட்சை சாறும் கலந்து, 60 நாள் மரத்துல வெச்சா போதும், நிறத்துக்கு 2 சதவீதம் வரைக்கும் கேரமல் சேக்கலாம். மோசம்னு சொல்லல, சாலட்டுக்கு அதுதான் சரி, ட்ரதிஸியோனாலேவை சாலட்ல ஊத்துனா காசை ஊத்தற மாதிரி. ஆனா ஐஜிபி பாட்டில்ல பெருசா ஒரு நம்பர் போட்டிருந்தா அதை வருஷம்னு நம்பிடாதீங்க, அந்த வகையில விதிப்படி 'இன்வெக்கியாத்தோ'ன்னு போட்டிருந்தா தான் குறைஞ்சது 3 வருஷம். லேபிள்ல சேர்மானம் பாருங்க, திராட்சை சாறு முதல்ல இருந்தா கெட்டியா இனிப்பா இருக்கும், ஒயின் வினிகர் முதல்ல இருந்தா தண்ணியா புளிக்கும்.

ட்ரதிஸியோனாலே சிரப் மாதிரி ஓடும், புளிப்பும் இனிப்பும் எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்ல முடியாது. 36 மாச சீஸ் துண்டு மேல ரெண்டு சொட்டு விட்டு பாருங்க. வனிலா ஐஸ்கிரீம் மேலயும் விட்டோம், ஸ்ட்ராபெர்ரி மேலயும் விட்டோம், குழந்தைங்க பாட்டிலை காலி பண்ண பாத்தாங்க, மேல் ஷெல்ஃபுக்கு போயிடுச்சு. சூடு பண்ணாதீங்க, அடுப்பை அணைச்சப்புறம் விடுங்க. இதுல ஒரு சிறப்பு, கஸ்டம்ஸ் கிடங்குல எத்தனை நாள் கிடந்தாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது. மொடேனாவுல அந்த பீப்பாய்களை கூரைக்கு அடியில பரண்ல தான் வெப்பாங்க, கோடையில வெந்து குளிர்ல உறைஞ்சு தான் அது உருவாகுது, நம்ம கூரியர் வேன் சூடு அதுக்கு ஒரு மேட்டரே இல்ல.

இதுல இருந்து தான் நான் முதல்ல சொன்ன விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுல இருந்து சாப்பாடு வரவழைக்கறதா இருந்தா எது ருசியோ அதை தேடாதீங்க, எது வழியை தாங்குமோ அதை தேடுங்க. அதே பண்ணை சைட்ல பர்ராதா, புது மோட்சரெல்லா மாதிரி ஈரமான புது சீஸ் எல்லாம் இருந்துச்சு, படம் பாத்தாலே எச்சில் ஊறும். மோட்சரெல்லா, பண்ண ஊர்லயே அன்னிக்கோ மறுநாளோ சாப்பிடற பொருள், அது ஏர்போர்ட் கிடங்குல உக்காந்துட்டு வந்தா என்ன வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. மண்ணுக்கு அடியில விளையற காளான் வகையான புது ட்ரஃபிளும் அப்படித்தான், ஒரு வாரத்துல வாசனையே போயிடும், விலையை சொன்னா மயக்கம் வரும். ட்ரஃபிள் ஆயில் வாங்கலாமேன்னு போறவங்களுக்கு, பெரும்பாலான ட்ரஃபிள் ஆயில்ல ட்ரஃபிள் இல்ல, 2,4-டைதியாபென்டேன்ங்கற லேப் வாசனை தான். தக்காளி டின், பாஸ்தா இதெல்லாம் தாங்கும், ஆனா வெயிட்டுக்கு குடுக்கற ஷிப்பிங்குக்கு லாயக்கில்ல. காய வெச்ச போர்சினி காளான், குங்குமப்பூ, உப்புல போட்ட கேப்பர் மொட்டு, இந்த மாதிரி வயசான கெட்டி சீஸ், பழைய வினிகர், கைக்கு அடக்கமா இருந்து சூடு தாங்கி விலையும் ருசியும் கனமா இருக்கற பொருள், இதுக்குத்தான் கூரியர் காசு குடுக்கலாம். ஆலிவ் ஆயில் நடுவுல. அறுவடை வருஷம் போட்டு, டின்ல வந்து, அறுவடை முடிஞ்ச குளிர் மாசங்கள்லயே அனுப்பினா ஓகே. கண்ணாடி பாட்டில் கோடையில வேண்டாம்.

எப்ப ஆர்டர் போடறதுன்னு கேட்டா, வாரக் கடைசியில பெட்டி எங்கயும் நிக்காத மாதிரி. இந்த பண்ணை திங்கள் செவ்வாயில தான் அனுப்பறாங்க, அது நல்ல பழக்கம். ஆகஸ்ட்ல போடாதீங்க, 15ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ லீவை ஒட்டி அங்க பாதி நாடு கடலோரம் போயிடும், வெயிலும் உச்சம். டிசம்பர்ல கிறிஸ்துமஸ் பார்சல் மலை மாதிரி குவியும், கூரியர் எல்லாம் திணறும். ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் தான் என் கணக்குல பெஸ்ட்.

மார்க்: சீஸுக்கு 5க்கு 5. வினிகருக்கு 5க்கு 5. பேக்கிங் 4, அட்டை கொஞ்சம் கெட்டியா போட்டிருக்கலாம். வெப்சைட் 3. பண்ணைக்காரங்க பதில் சொன்ன விதம் 5, இன்வாய்ஸ் எழுதுன விதம் 1. கூரியர் 1, அதுவும் கொண்டு வந்து குடுத்த டெலிவரி தம்பிக்கு, பாவம், படியேறி வந்து குடுத்துட்டு பெட்டி நசுங்கினதுக்கு அவன் மன்னிப்பு கேட்டான்.

அடுத்த ஆர்டருக்கு மூணு வீடு சேந்திருக்கு, 24 மாசம் ரெண்டு கிலோ, செவப்பு மாட்டு சீஸ் ஒரு கிலோ. வினிகர் இல்ல, அந்த பாட்டில் இன்னும் முக்கால்வாசி இருக்கு. இன்வாய்ஸ்ல என்ன எழுதணும்னு பண்ணைக்கு ஏற்கனவே மெயில் போட்டாச்சு, சரின்னு பதிலும் வந்துடுச்சு.